துணி எப்போது ‘பசுமை’ ஆகிறது? ஒரு சின்னத் தையலகத்தின் பக்கமிருந்து எளிய விளக்கம்

போன மாதம் ஒரு பெண் வந்து, தொங்கவிட்டிருந்த குர்த்தி ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது சஸ்டெயினபிள் துணியா?” என்று கேட்டார். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத ‘பசுமை’த் துணியா என்று அர்த்தம். “எமனேஸ்வரத்துத் தறியில நெய்ஞ்சதும்மா, பருத்தி” என்றேன். “அப்ப சரி, சஸ்டெயினபிள்தான்” என்று அவரே தீர்ப்புச் சொல்லி, பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். விற்பனை ஆனதில் சந்தோஷம்தான், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பருத்தி என்பதும் கைத்தறி என்பதும் அவர் கேட்ட கேள்விக்குக் கால் பங்கு பதில்தான். மீதி முக்கால் பங்கைச் சொல்ல அன்றைக்கு நேரம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி பக்கம் ஆறு தையல் மெஷின் போட்டு, குர்த்தி, சட்டை, பிள்ளைகளுக்கான கவுன் தைத்து விற்கிறோம். துணி பெரும்பாலும் பரமக்குடி, எமனேஸ்வரம் நெசவாளர்களிடம் வாங்குவது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என் காதில் விழுகிற ஒரு வாக்கியம் உண்டு: “உலகத்தில் அதிகம் மாசு பண்ணும் தொழில்களில் ஆடைத் தொழில் இரண்டாவது.” மேடையில் சொல்கிறார்கள், பையில் அச்சடிக்கிறார்கள். அந்த ‘இரண்டாவது’ என்பதற்குப் பின்னால் உறுதியான கணக்கு எதுவும் இல்லை. ஆடைத் தொழில் வெளியிடும் கரியமில வாயு உலக மொத்தத்தில் 2 சதவீதம் என்று மதிப்பிட்டவர்கள் இருக்கிறார்கள், 10 சதவீதம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். எதை எதைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். குறைந்த மதிப்பீடே சின்னத் தொகை இல்லை, அதனால் பயமுறுத்தும் வாக்கியம் நமக்குத் தேவைப்படவும் இல்லை. சுமை எங்கே ஏறுகிறது, எங்கே இறக்கலாம் என்று தெரிந்தால் போதும்.

தடைக்காலம் தெரிந்தவர்களுக்கு இது புதுசு இல்லை

நம் கரையில் இருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் முட்டையிடும் காலம். அந்த 61 நாள் கையில் காசு இருக்காது, வட்டிக்கு வாங்கிச் சமாளிக்கிற வீடுகள் உண்டு, ஆனாலும் ஏன் படகைக் கட்டிப்போடுகிறோம் என்று பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான்: இப்போது அள்ளிவிட்டால் அப்புறம் இருக்காது.

அதேதான் இதுவும். இன்றைக்கு எடுப்பதால் நாளைக்கு எடுப்பது நின்றுபோகாதபடி ஒரு பொருளைச் செய்வதற்கு நீடித்த உற்பத்தி என்று பெயர். மண், தண்ணீர், வேலை செய்கிறவரின் உடம்பு, மூன்றும் இந்தக் கணக்கில் வரும். வாங்குகிறவரும் அதே எண்ணத்தோடு வாங்கி, பயன்படுத்தி, தூக்கிப்போடுவதைத் தள்ளிவைப்பது நீடித்த நுகர்வு. இரண்டையும் ஏன் சேர்த்தே சொல்கிறார்கள் என்றால், மீனில் பாருங்கள், படகுக்காரர் எவ்வளவு பெரிய கண் வைத்த வலை போட்டாலும் சந்தையில் எல்லோரும் குஞ்சு மீனையே கேட்டு வாங்கினால் வலைக்கண் மறுபடி சின்னதாகிவிடும். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த 17 இலக்குகளில் 12-ஆவது இந்த இரண்டையும் ஒரே வரியில்தான் வைத்திருக்கிறது.

வயலிலிருந்து குப்பை வரை

ஒரு குர்த்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கடையிலிருந்து என்போம். உண்மையில் அது கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசல் மாதிரி ஏதோ ஒரு வயலில் தொடங்குகிறது. பருத்தி எடுக்கிறார்கள், விதை நீக்குகிறார்கள், மில்லில் நூலாக்குகிறார்கள், நூல் சிட்டமாகக் கட்டி வருகிறது, வெளுக்கிறார்கள், சாயம் போடுகிறார்கள், பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) ஓட்டிக் கஞ்சி போடுகிறார்கள், நெய்கிறார்கள். அப்புறம்தான் எங்கள் மேஜைக்கு வருகிறது. நாங்கள் வெட்டித் தைக்கிறோம். அப்புறம் பார்சல், உடுத்துவது, துவைப்பது, கடைசியில் கிழிந்தோ சலித்தோ குப்பைக்குப் போவது. இந்த முழுப் பயணத்துக்கும் ஆயுள் சுழற்சி என்று பெயர். ஒரு துணி நல்லதா கெட்டதா என்று கேட்பவர் இந்த முழுப் பாதையையும் பார்க்க வேண்டும். ஒரு நிறுத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்வது, ராமேஸ்வரம் ரயிலைப் பரமக்குடியில் மட்டும் பார்த்துவிட்டு அது பாலத்தில் ஏறவே இல்லை என்று சொல்வது போல.

கைத்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறிக்கு மின்சாரம் வேண்டாம், காலால் மிதித்துக் கையால் நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓட்டுகிறார்கள். அது பெரிய விஷயம்தான், ஆனால் அது நெசவு என்ற ஒரு நிறுத்தத்தில் மட்டும். நூல் மில்லிலிருந்துதான் வருகிறது. சாயம் பெரும்பாலும் விசைத்தறித் துணிக்குப் போடும் அதே ரசாயனச் சாயம். எனவே ‘கைத்தறி, அதனால் முழுக்கப் பசுமை’ என்பது பொருந்தாது. கைத்தறியின் நிஜமான பலம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான் குழம்பிப் போயிருக்கிறது. “ஒரு டி-ஷர்ட்டுக்கு 2700 லிட்டர் தண்ணீர்” என்று பார்த்திருப்பீர்கள். அது உலக சராசரி. அதில் வயலில் பெய்த மழையும் சேர்த்தே எண்ணப்பட்டிருக்கிறது. நம் மாவட்டத்துக் கரிசலில் பருத்தி பெரும்பாலும் வானம் பார்த்த பயிர், மழை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் உறிஞ்சி விளைவித்த பருத்தியையும் இதையும் ஒரே எண்ணில் அடைப்பது சரியில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீர் வாங்குகிற ஊர்க்காரி நான், ஒவ்வொரு லிட்டரும் எனக்கு முக்கியம். அதனால்தான் அது எந்தத் தண்ணீர், எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்கச் சொல்கிறேன்.

*இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்:* பசுமை என்பது துணியின் ஜாதி இல்லை. அது ஒரு நீளமான பாதை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் சுமை ஏறுகிறது. இனி எந்த நிறுத்தத்தில் ஒரு சின்னக் கடையின் கை எட்டும் என்று பார்ப்போம்.

பருத்தியா, பாலியெஸ்டரா, மூங்கிலா?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பாலியெஸ்டர் கச்சா எண்ணெயிலிருந்து வருவது, இன்றைக்கு உலகில் உற்பத்தியாகும் நாரில் பாதிக்கும் மேல் அதுதான். சீக்கிரம் கிழியாது, மக்கவும் மக்காது. துவைக்கும்போது அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் உதிரும், அவற்றுக்கு நுண்ணிழை என்று பெயர். தண்ணீரோடு போய்க் கடலில் சேரும். 21 தீவுகளையும் பவளப் பாறைகளையும் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை வாசலில் வைத்திருக்கிற நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து மறுபடி இழையாக இழுத்தது. மூங்கில் பசுமைதான், கரைக்கிற ரசாயனம் அப்படி இல்லை. பருத்தி மக்கும், ஆனால் விளைச்சலுக்கு மருந்தும் தண்ணீரும் கேட்கும். எதுவுமே சும்மா வருவதில்லை. எங்களைப் போன்ற கடைக்குப் பருத்தி சரியாக வருவதற்குக் காரணம் இந்த வெயில். உடம்போடு ஒட்டாத துணியைத்தான் இங்கே திரும்பத் திரும்ப உடுத்துவார்கள்.

சாயத்தில்தான் பெரிய தடுமாற்றம்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் ‘இயற்கைச் சாயம்’ என்று சொன்ன கருஞ்சிவப்புத் துணி வாங்கினேன். விலையும் அதற்கேற்ற மாதிரி. 18 குர்த்தி தைத்தோம், எல்லாம் விற்றது. ஒரு வாரத்தில் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்தன; முதல் துவையிலேயே சாயம் இறங்கி, கூட ஊறிய வெள்ளைத் துணியெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். விவரம் தெரிந்த ஒரு சாயக்காரரிடம் துண்டைக் காட்டினேன், மலிவான ரசாயனச் சாயம்தான், சரியாகப் பிடிக்கவும் வைக்கவில்லை என்றார். ஏமாற்றியது ஒரு பக்கம். சாயம் எப்படித் துணியில் உட்காருகிறது என்பதே தெரியாமல் இத்தனை நாள் துணி வாங்கியிருக்கிறேனே என்பது இன்னொரு பக்கம். அதற்குப் பிறகுதான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பருத்திக்கு இப்போது அதிகம் போடுவது நாரோடு ரசாயனப் பிணைப்பு உண்டாக்கும் சாயம், ரியாக்டிவ் சாயம் என்பார்கள். மீன் கருவாடாகும்போது உப்பு உள்ளே இறங்குகிற மாதிரி இங்கேயும் உப்புக்கு ஒரு வேலை உண்டு, ஆனால் வேறு வேலை: தொட்டியில் நிறைய உப்பைக் கரைத்தால் சாயம் தண்ணீரை விட்டு நாரை நோக்கித் தள்ளப்படும். அப்புறம் சலவைச் சோடா போட்டால் சாயம் நாரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழுச் சாயமும் பிடிக்காது. பிடிக்காத சாயமும் போட்ட உப்பு முழுவதும் அலசும் தண்ணீரோடு வெளியே போகும். நிறத்தையாவது வடிகட்டி எடுக்கலாம். உப்பு தண்ணீரில் கரைந்தது, தொட்டியில் தெளிய வைத்தால் கீழே தங்காது, சவ்வு வடிகட்டி வைத்துப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி வற்ற வைத்தால்தான் உண்டு. அதற்குச் செலவு அதிகம். அதைச் செய்யாமல் ஆற்றில் விட்டதால்தான் திருப்பூரில் நொய்யல் கெட்டது, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் விவசாயத்துக்கு உதவாமல் போனது, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. ஒரு சட்டையின் நிறத்துக்காக ஓர் ஆற்றங்கரை விவசாயி நிலத்தை இழந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

அப்படியானால் இயற்கைச் சாயம்தானே வழி என்று தோன்றும். அங்கேயும் பார்த்துத்தான் போக வேண்டும். நம் கரையோர மணலில் சாயவேர் என்று ஒரு சின்னச் செடி இருக்கிறது, வைத்தியத்தில் இம்பூறல் என்பார்கள். பழைய காலத்தில் சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்புக்கு இதன் வேர்தான் ஆதாரம். அந்தச் சிவப்பைக் கண்டால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அது வேர். தோண்டினால் செடி போய்விடும். நாலு பெரிய கடைகள் இதைக் கேட்க ஆரம்பித்து, தானாக முளைத்ததையெல்லாம் பறித்துவிட்டால், அது முட்டை மீனை அள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பயிரிட்டு எடுத்தால் வேறு கதை.

இன்னொன்று, இயற்கைச் சாயம் பெரும்பாலும் தனியாகத் துணியில் நிற்காது. சாயத்துக்கும் நாருக்கும் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துவைக்கும் பொருள் வேண்டும், அதற்கு நிறமூன்றி என்று பெயர். கடுக்காயில் ஊறவைத்துப் படிகாரம் போடுவது பழைய முறை, அதில் பெரிய கெடுதல் இல்லை. அதே இடத்தில் மயில்துத்தமோ குரோமிய உப்போ போட்டால் சாயம் செடியிலிருந்து வந்தாலும் கழிவு விஷம்தான். போதாததற்குச் சாயம் காய்ச்ச விறகு, அலசத் தண்ணீர். ரசாயனச் சாயத்திலும் எல்லாம் ஒன்றில்லை. உடம்புக்குக் கேடான பொருளாகச் சிதையக்கூடிய சில அசோ சாயங்களை இந்தியா 1997-லேயே தடை செய்துவிட்டது.

இதில் ஆறு மெஷின் கடையால் என்ன செய்ய முடியும்? சாயப்பட்டறை கட்ட முடியாது, ஆனால் நிறத்தைக் குறைக்க முடியும். நாங்கள் ஒரு பருவத்துக்கு ஐந்து நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். கழுத்துப் பட்டி, உள்பட்டி, பாக்கெட் எல்லாம் வெளுக்காத காடா துணியிலேயே போடுகிறோம். இதே நெசவாளரிடம் வாங்கும் வேறு இரண்டு கடைக்காரர்களோடு பேசி, ஒரே நிறத்தை ஒரே தொட்டியில் சேர்த்துப் போடச் சொல்கிறோம். கொஞ்சம் நூலுக்காக ஒரு தொட்டித் தண்ணீர் வீணாகாது. அப்புறம், அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறோம். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் நூல் வாங்குவதில்லை.

விற்காத துணிதான் பெரிய அழுக்கு

எல்லோரும் நாரைப் பற்றிப் பேசுகிறார்கள், சாயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அலமாரியில் மடித்துக் கிடக்கிற சரக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் அனுபவத்தில் ஒரு சின்னக் கடை செய்யக்கூடிய ஆகப் பெரிய நல்லதும், ஆகப் பெரிய கெடுதலும் அங்கேதான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தீபாவளிக்கு ஒரே மாதிரியில் 100 குர்த்தி தைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 70 விற்கிறது, 30 தங்கிவிடுகிறது. அந்த 30-க்கும் பருத்தி விளைந்தது, தொட்டி நிறைந்தது, தறி ஓடியது. ஆக 100 குர்த்தியின் சுமையை 70 குர்த்தி சுமக்கிறது. 100-ஐ 70-ஆல் வகுத்தால் 1.43. அதாவது விற்ற ஒவ்வொரு குர்த்தியின் தலையிலும் ஏறக்குறைய 43 சதவீதம் கூடுதல் சுமை. நான் எவ்வளவு தேடி அலைந்து நல்ல சாயம், நல்ல நூல் வாங்கியிருந்தாலும், அந்த நல்லதையெல்லாம் இந்த 30 தின்றுவிடும். இப்படி விலை போகாமல் முடங்கியதைத்தான் தேங்கிய சரக்கு என்கிறோம். பாதி விலைக்குத் தள்ளிவிட்டால் கடைக்குக் காசு திரும்பும், ஆனால் தேவைக்கு இல்லாமல் விலைக்காக வாங்கிய துணி இரண்டு தடவை உடுத்தி ஓரமாகப் போகும்.

பெரிய ஆடை நிறுவனங்களுக்கு ஏன் தேங்குகிறது? அவர்கள் பல மாதத்துக்கு முன்பே, முகம் தெரியாத லட்சக்கணக்கான பேருக்காக, எது விற்கும் என்று ஊகித்துத் தைக்கிறார்கள். மில்லும் குறைந்த அளவுத் துணிக்கு மெஷினைத் தொடாது. சின்னக் கடைக்கு ஊகிக்க வேண்டிய அவசியமே குறைவு, ஏனென்றால் வாங்குகிறவரைத் தெரியும். இங்கேதான் நான் மேலே சொன்ன கைத்தறியின் பலம் வருகிறது. தறியில் ஒரு பாவு ஏற்றினால் சில சேலைக்கான நீளம்தான், அந்த அளவுக்கே நெய்து வாங்கலாம். அது மட்டுமில்லை, பாவு நூலின் நிறம் கடைசி வரை அதேதான் என்றாலும் குறுக்கே ஓடும் ஊடை நூலை மாற்றிக்கொண்டே போகலாம். ஒரே பாவில் பச்சை ஊடை பத்து மீட்டர், மஞ்சள் ஊடை பத்து மீட்டர் என்று நெய்தால் இரண்டு விதத் துணி கிடைத்துவிடும். கொஞ்சமாகச் செய்ய முடிவது, மாற்றிச் செய்ய முடிவது, இந்த இரண்டும்தான் சுற்றுச்சூழலுக்குக் கைத்தறி தருகிற பெரிய லாபம் என்பது என் கருத்து. மின்சாரம் மிச்சமாவதை அதற்குப் பிறகுதான் வைப்பேன்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். புது மாதிரியில் நாலு மட்டும் தைத்துத் தொங்கவிடுகிறோம். பார்த்துப் பிடித்தவர்கள் அளவு சொல்லி முன்பணம் கொடுத்தால் தைத்துத் தருகிறோம், பத்து நாள் ஆகும். முதலில் பத்து நாள் காத்திருக்க மாட்டார்கள் என்று பயந்தேன். கல்யாணத்துக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் காத்திருக்கத்தானே செய்கிறோம், அந்தப் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதித் துணியை வெட்டாமல் வைக்கிறோம். வெட்டாத துணி நாளைக்குச் சட்டையாகலாம், கவுனாகலாம். வெட்டியது அந்த அளவுக்காரருக்கு மட்டும்தான்.

ஊர்க் காலண்டரும் தெரிந்திருக்க வேண்டும். தடைக்காலத்தில் கரையோர வீடுகளில் புதுத் துணிக்குக் காசு இருக்காது, அந்த இரண்டு மாதத்துக்குச் சரக்கு குவித்தால் அது அப்படியே இருக்கும். ரம்ஜானுக்குக் கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் கேட்பார்கள், அது வருடா வருடம் சுமார் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். தங்கச்சிமடம் பக்கம் கிறிஸ்துமஸ். எல்லோருக்கும் ஒரே மாதத்தில் ஒரே சரக்கு என்று தைத்த வருடத்தில்தான் எங்களுக்கு அதிகம் தேங்கியது.

*சுருக்கமாக:* நல்ல துணியைத் தேடுவதற்கு முன் எத்தனை தைக்கிறோம் என்பதைச் சரி செய்ய வேண்டும். அதற்குச் சின்னக் கடைதான் தோதான இடம், ஆனால் சின்னதாக இருப்பதாலேயே அது தானாக நடந்துவிடாது.

மேஜைக்குக் கீழே விழுகிற துண்டு

துணியை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கை என்று அட்டைகளை எந்த வரிசையில் அடுக்கி வெட்டுகிறோமோ அந்த வரைபடத்துக்கு மார்க்கர் என்று பெயர். தையல் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி சுமார் 15 சதவீதத் துணி துண்டாக விழுகிறது. அக்குளுக்கும் கழுத்துக்கும் வளைத்து வெட்டுவதுதான் காரணம். கலிதார் குர்த்தா, பழைய கால ஜிப்பா மாதிரி நேர் துண்டுகளால் ஆன உடைகளில் வெட்டு வீண் குறைவு. எங்கள் வெட்டுக்கார அக்கா பெரியவர் குர்த்தியின் கைகளுக்கு நடுவிலேயே பிள்ளைக் கவுனின் மேல்பாகத்தைச் செருகிவிடுவார், எந்தக் கணினியும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. மிச்சத்தில் துணிப் பொத்தான், தலைக்கட்டு, ஒட்டுப்போட்ட மெத்தை விரிப்பு செய்கிறோம். ஆனால் துண்டில் பை செய்து விற்பதையே பெரிய பசுமையாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 15-ஐ 10 ஆக்கினால் மிச்சம் 5 சதவீதம், மேலே பார்த்த 43-ஐ நினைவில் வையுங்கள்.

வாங்குகிறவர் கையில் இருக்கிற பாதி

இனி நுகர்வு. 400 ரூபாய்ச் சட்டை ஒன்று, பத்துத் தடவை உடுத்தியதும் தோள் இழுத்துக்கொண்டு போகிறது. 900 ரூபாய்ச் சட்டை ஒன்று, 90 தடவை உடுத்துகிறோம். முதல் சட்டைக்கு ஒரு தடவைக்கு 40 ரூபாய், இரண்டாவதற்கு 10 ரூபாய். ரூபாய் இருக்கிற இடத்தில் தண்ணீரை வையுங்கள், சாயத்தை வையுங்கள், வகுக்கிற விதம் அதேதான். ஒரு துணி செய்ய ஆன சுமையை அதை உடுத்திய தடவையால் வகுக்க வேண்டும். அதனால்தான் 40 தடவை உடுத்திய பாலியெஸ்டர் சீருடையைப் பார்த்து, பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிற கைத்தறிச் சேலை பெருமைப்பட வழியில்லை. ‘பசுமைத் துணி’ என்று சொல்லி ஒரே மாதத்தில் ஆறு குர்த்தி வாங்குகிறவர்கள் எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள்தான், இருந்தாலும் நான் அவர்களிடம் சொல்வது: இரண்டு எடுங்க, கிழிஞ்ச பிறகு வாங்க.

கடை இதற்கு உதவ முடியும். உள்தையலில் ஒரு இஞ்ச் கூடுதலாக விடுகிறோம், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். எங்களிடம் வாங்கியதில் தையல் விட்டாலோ பொத்தான் போனாலோ எத்தனை வருடமானாலும் இலவசமாகப் போட்டுத் தருகிறோம். இதெல்லாம் சேர்ந்து விலையைக் கூட்டுகிறது, தைக்கிறவருக்கும் நெய்கிறவருக்கும் நியாயமான கூலி கொடுத்தால் இன்னும் கூடுகிறது. 250 ரூபாய்க்குக் குர்த்தி கிடைக்கிறதே என்றால், அந்த விலையில் யாரோ ஒருவரின் கூலி விடுபட்டிருக்கிறது.

துவைப்பதிலும் கொஞ்சம் கவனம். நம் பக்கத்துக் கிணற்று நீர் பல இடத்தில் உப்பு, நுரை வராது, நுரை வரவில்லை என்று சோப்பை அள்ளிப்போடுவோம், துணி சீக்கிரம் நைந்துவிடும். சோப்பைக் குறைத்து, ஊறவைத்து, கடைசி அலசை மட்டும் நல்ல தண்ணீரில் செய்தால் போதும். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள், இந்த வெயில் எந்தச் சாயத்தையும் விடாது.

கடைசிக் கட்டம் குப்பை. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நீராடியவர்களில் சிலர் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து கரையில் போடுகிறது. அந்தக் குவியலில் பருத்தி நாளடைவில் இற்றுப்போகும். பாலியெஸ்டர் வேட்டியும் சேலையும் மணலில் புதைந்து அப்படியே கிடக்கும், இல்லாவிட்டால் கந்தலாகிக் கடலுக்குள் போகும். நம் வீடுகளில் பழைய நூல் சேலை தொட்டிலானது, பிறகு தலையணை உறையானது, பிறகு கரித்துணியானது. ஒவ்வொரு மாற்றத்திலும் அதன் சுமை இன்னும் சில வருடங்களுக்குப் பங்கு பிரிந்தது.

சீட்டில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

செய்யாத நல்லதைச் செய்ததாகவோ, சின்னதாகச் செய்ததைப் பெரிதாகவோ காட்டி விற்பதற்கு பச்சைப் பூச்சு என்று பெயர் சொல்லலாம். ஆதாரம் இல்லாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. முத்திரைகளிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைத்தான் சொல்லும். 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்தது என்று மட்டும் சொல்கிறது, சாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஓகோ-டெக்ஸ் 100 என்பது முடிந்த துணியில் உடம்புக்குக் கேடான பொருள் இருக்கிறதா என்று சோதிப்பது. அது எந்த ஆற்றைக் கெடுத்து வந்தது என்பது அதில் வராது. காட்ஸ் என்கிற இயற்கை வேளாண் ஜவுளித் தரம் குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண் நார் கேட்கிறது, சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றையும் பார்க்கிறது. எங்களைப் போன்ற கடைக்கு அந்தச் சான்றிதழ்ச் செலவு கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு உடையிலும் ஒரு சீட்டு வைக்கிறோம்: நூல் எது, நெய்த ஊர் எது, சாயம் ரசாயனமா இயற்கையா, தைத்தவர் யார்.

அந்தச் சீட்டில் கடைசியாக ஒரு வரி இருக்கும், “தையல் நூல் பாலியெஸ்டர்” என்று. பருத்தித் தையல் நூல் போட்டுப் பார்த்தோம், மெஷின் வேகத்துக்கு அறுந்துகொண்டே இருந்தது, மூன்று மாதத்தில் அக்குள் தையல் விட்டுத் திரும்பி வந்தது. சுலபமாகத் தையல் விடும் குர்த்தி குறைந்த தடவைதான் உடுத்தப்படும் என்பதால் பாலியெஸ்டர் நூலுக்கே திரும்பினோம். எங்கள் குர்த்தி ஒன்றை மண்ணில் புதைத்தால் துணி மக்கிவிடும், தைத்த கோடு மட்டும் குர்த்தியின் வடிவத்திலேயே மண்ணுக்குள் கிடக்கும். இப்போது கொஞ்சம் தடித்த பருத்தி நூலை ஒரு மெஷினில் மட்டும், வேகத்தைக் குறைத்து, பிள்ளைக் கவுன்களுக்குப் போட்டுப் பார்க்கிறோம்.